ஒலிவாங்கியைக் கைமாற்றியவர்கள்

வானலைகள் எவருக்கு உரியவை என்னும் வினாவுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் விடை தந்தது. அவ்வழக்கு பிறந்த இடம் சற்றே நகைப்பிற்குரியது. 1993இல் நடைபெற்ற ஹீரோ கோப்பை மட்டைப்பந்துப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை யாருடையது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மைய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறைக்கும் எழுந்த பூசலே அது. பந்தாட்டத்தில் தொடங்கிய அவ்வழக்கில், நீதியரசர் பி.பி. சாவந்த் முதலானோர் அமர்ந்த ஆயம், வானலைகள் பொதுச்சொத்து என்றும், அவற்றின் மீது அரசோ தனியாரோ முற்றுரிமை கொள்ளலாகாது என்றும் தீர்ப்புரைத்தது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பே. எனினும், பொதுச்சொத்து என்று ஏட்டில் எழுதப்பட்ட குளங்களும் மேய்ச்சல் நிலங்களும் இன்று எவர் கையில் உள்ளன என்பதை நாம் அறியாதவர்கள் அல்லோம். ஏட்டில் பொதுவாக இருப்பதை நாட்டில் பொதுவாக்குவதற்குச் சிலர் உழைக்க வேண்டியிருக்கிறது. சமுதாய வானொலியைப் பாராட்டுவோர் அதன் கருவியைப் பாராட்டுகின்றனர். அதில் பேசும் எளிய மக்களைப் பாராட்டுகின்றனர். அம்மக்களுக்குத் துணைநின்ற தொண்டு நிறுவனத்தாரை எக்கோல் கொண்டு அளப்பது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அதனைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

தெலங்கானாவின் பழைய மெதக் மாவட்டத்தில், ஜஹீராபாத் நகரை அடுத்துப் பஸ்தாப்பூர் என்றோர் ஊர் உண்டு. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் வாழ்வும் பொய்க்கும் மண். அங்கே 1983 முதல் தக்காண வளர்ச்சிக் கழகம் பணியாற்றி வருகிறது. ஊர்தோறும் ஏழைப் பெண்களை, அவர்களுள்ளும் பெரும்பாலும் தலித் பெண்களை, 'சங்கம்' என்ற பெயரால் ஒன்றுகூட்டியது அக்கழகம். அரிசியும் கரும்பும் மதிப்புப் பெற்ற காலத்தில், சோளத்தையும் தினையையும் சாமையையும் விட்டுவிடாமல் விதைத்துக் காத்தவர்கள் அச்சங்கத்துப் பெண்கள். 2019இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்குவேட்டர் விருது அவர்களைத் தேடி வந்தது.

அக்கழகத்தை நிறுவியோருள் முதன்மையானவர் பி.வி. சதீஷ். 2023 மார்ச்சில் மறைந்த அவர், அதற்கு முன் தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகப் பல்லாண்டு பணிபுரிந்தவர். செயற்கைக்கோள் வழியே சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டு சென்ற 1975-76ஆம் ஆண்டுச் சோதனை முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. மேலிருந்து கீழே அறிவுரை வழங்கும் ஊடகத்தின் வலிமையும் குறையும் உள்ளிருந்தே அறிந்தவர் என்பது இதனால் விளங்கும். அத்தகையவர் ஒலிவாங்கியைத் தாமே ஏந்திச் சிற்றூருக்கு வந்திருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் அதனை அப்பெண்களின் கையில் கொடுத்தார் என்பதே நாம் உற்று நோக்கத்தக்கது.

கொடுத்ததன் விளைவு யாது? இதே கழகத்தின் துணையோடு படக்கருவியை இயக்கப் பழகிய பெண்கள், காட்சிக் கோணங்களுக்குத் தாமே பெயர் வைத்தனர். மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பது 'பட்டேல்' காட்சி. நிலக்கிழார் நம்மைப் பார்ப்பது அப்படித்தானே! கீழிருந்து அண்ணாந்து எடுப்பது அடிமையின் காட்சி. கண்ணுக்குக் கண் நேராக எடுப்பது சங்கக் காட்சி. திரைப்படக் கலை குறித்து எழுதப்பட்ட எத்தனையோ நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை, எழுத்தறியா உழவுப் பெண்கள் மூன்று சொற்களில் முடித்துவிட்டனர். கற்பிக்க வந்தவர்கள் வாயடைத்துக் கேட்டிருக்க வேண்டிய இடம் இது. கேட்டனர் என்பதற்கு, இன்றும் அச்சொற்கள் வழங்கி வருவதே சான்று.

வானொலிக்கு வருவோம். 1998இல் யுனெஸ்கோவின் உதவியால் மாச்சனூர் என்னும் சிற்றூரில் ஒலிப்பதிவுக்கூடம் அமைந்தது. கூடம் இருந்தது, பேச ஆளிருந்தது, பேசப் பொருளும் இருந்தது. உரிமம் மட்டும் இல்லை. நீதிமன்றம் பொதுச்சொத்து என்று சொல்லி மூன்றாண்டு கடந்தும் அரசின் கதவு திறக்கவில்லை. அதற்காக அப்பெண்கள் வாளா இருந்தாரில்லை. நிகழ்ச்சிகளை நாடாவில் பதிந்து, ஒலிநாடாக்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்து கேட்டனர். ஓராண்டு ஈராண்டு அன்று; பத்தாண்டுகள்!

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹைதர் அலி பிறந்த ஊராகக் கூறப்படும் கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையிலும் ஏறத்தாழ அக்காலத்திலேயே 'நம்ம த்வனி' என்ற மக்கள் ஒலிக்கூடம் எழுந்தது. வானலைக்குத் தடை, கம்பிக்குத் தடையில்லை. ஆகவே அவ்வூரார் தொலைக்காட்சிக்கென வீடுகளுக்குச் செல்லும் கம்பியின் வழியே தம் குரலை அனுப்பினர். தடை போட்டவர்கள் கம்பியை மறந்துபோயினர் போலும்!

2002 திசம்பரில் அரசு சற்றே இறங்கி வந்து, கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி உரிமம் வழங்க இசைந்தது. அவ்வகையில் முதலாவதாக, 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா பண்பலை ஒலிக்கத் தொடங்கியது. உழவர்க்கும் மீனவர்க்கும் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்களுக்கு வழி பிறந்தது 2006 நவம்பரில்தான். 2008 அக்டோபர் 15ஆம் நாள், உலக ஊரகப் பெண்கள் நாளன்று, 90.4 மெகாஹெர்ட்சில் சங்கம் வானொலி காற்றில் எழுந்தது. அதனைத் தொடங்கி வைத்தவர் தீர்ப்புரைத்த அதே சாவந்த். நிலையத்தை நடத்தியவர்கள் நரசம்மா என்ற ஒரே பெயருடைய இரு தலித் பெண்கள். மாலை வேளையில், நகரத்துத் தெலுங்கை விடுத்துத் தம் வட்டார மொழியிலேயே, விதையையும் உணவையும் மருந்தையும் தாம் மறவாத பாட்டையும் குறித்துச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குப் பேசினர். அவர்களுக்கு வாய்த்த அலைபரப்பியின் ஆற்றல் 100 வாட்டு. பழைய குண்டு விளக்கு ஒன்றை எரிக்கும் அளவு!

இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மாச்சனூரில் கூடம் எழுந்த அதே 1998இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'பிரமீதியஸ்' என்னும் வானொலித் தொண்டு அமைப்புத் தோன்றியது. உரிமமின்றி ஒலிபரப்பி, அரசால் வாய் மூடப்பட்ட இளைஞர்களே அதனைத் தொடங்கினர். அங்கும் 2000இல் வகுக்கப்பட்ட எல்லை அதே 100 வாட்டு. அங்கும் பெருநிலையங்களின் எதிர்ப்பால் அவ்வாய்ப்பு அவ்வாண்டிலேயே சுருக்கப்பட்டு, 2011 சனவரியில்தான் சட்டத்தால் விரிந்தது. ஓர் ஊரில் பலர் கூடி, ஒரு வார இறுதிக்குள் நிலையத்தைக் கட்டி, கருவிகளை இயக்கக் கற்பித்துவிட்டுத் திரும்புவது அவர்கள் முறை. புளோரிடாவில் தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளர்க்கு நிலையம் எழுந்தது அவ்வாறே. கட்டியவர்கள் திரும்பிவிட்டனர், பேசும் பொறுப்பு தக்காளி பறித்தவர்களிடம் நின்றது.

துணைநிற்போரை அளக்கும் கோல் இதுவே என்பது நம் துணிபு. அவர்கள் எவ்வளவு செய்தனர் என்பதினும், எவ்விடத்தில் விலகி நின்றனர் என்பதே கேட்கத்தக்கது. இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் நாட்டு விதிகளின்படி உரிமம் பெறுவோர் பதிவுபெற்ற நிறுவனத்தாரே. விதை காக்கும் பெண்ணோ வலை வீசும் மீனவரோ நேரே பெற இயலாது. ஆகவே துணைவராக வருவோரைச் சட்டமே உடைமையாளராக்கி விடுகிறது. உடைமையாளரின் உள்ளம் செம்மையாயின் வானொலி மக்களுடையது. அன்றேல் அது நிறுவனத்தின் விளம்பரப் பலகை. ஒருவரின் நல்லுள்ளத்தை நம்பி ஓர் உரிமை நிற்பது உறுதியான அடித்தளம் ஆகுமா? சமுதாய வானொலி தன் சொந்தச் செய்திகளை ஒலிபரப்பலாகாது, அகில இந்திய வானொலியின் செய்தியையே எடுத்து வழங்கலாம் என்னும் விதியும் தொடர்கிறது. தன் ஊர் ஏரி உடைந்ததை ஊரார் தம் வானொலியில் செய்தியென்று சொல்லத் தடை இருப்பது எவ்வகை நெறி என்பது நமக்கு விளங்கவில்லை.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். இந்நாட்டில் இன்று இயங்கும் சமுதாய வானொலிகளுள் கணிசமானவை கல்வி நிறுவனங்களின் கையில் உள்ளன. அவற்றுள் சிலவற்றைக் கேட்டால் திரைப்பாட்டும், முதல்வர் உரையும், தேர்வு முடிவும் மாறி மாறி வருகின்றன. வளாகச் சுவருக்கு அப்பால் பீடி சுற்றும் பெண்ணும், தோல் பதனிடும் தொழிலாளியும் அவற்றில் கேட்போராகவே உள்ளனர். 2006ஆம் ஆண்டு விதிகளோ, நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்கின்றன. கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை நாள்தோறும் வகுப்பில் நடத்தும் தமிழ்த்துறையினர், கேட்பதை மாணவர்க்கு மட்டும் உரிய கடமையாகக் கொள்ளுதல் தகாது. நிலையம் உடைய கல்லூரிகள் வாரத்தில் சில மணி நேரத்தையேனும், பொருளைத் தேர்வது முதல் ஒலிபரப்புவது வரை, சுற்றுப்புற மக்களிடம் முழுதாக ஒப்படைக்கலாம். உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்று நம் ஆசிரியர்கள் அந்நேரத்தில் கூடத்திற்குள் நுழையாதிருப்பார்களாக!