வெற்றுத்தாளைப் பறித்தவர் யார்?



இந்த இடுகையை எழுதுவதா வேண்டாமா எனப் பலநாள் தயங்கினேன். எழுதினால் முதல் குற்றவாளியாக என்னையே நிறுத்த வேண்டும். ஆயினும், இனியும் மௌனம் காப்பது முறையன்று என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் வகுப்பில் நான்காம் ஆண்டு பயின்ற மாணவி ஒருத்திக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. நானும் சக ஆசிரியைகள் இருவரும் அவளைப் பார்க்க மருத்துவமனைக்குச் சென்றோம். கையில் என்ன கொண்டு சென்றோம் தெரியுமா? ஒரு பழக்கூடை, கணிதம், அறிவியல், மலாய்மொழிப் பயிற்சி நூல்கள் மூன்று. பாடம் விட்டுப்போய்விடக் கூடாதாம்! அவ்வளவு அக்கறை எங்களுக்கு.

மருந்தின் கடுமையால் அவள் வாயெல்லாம் புண். பழத்தைத் தின்ன இயலவில்லை. பயிற்சி நூல்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் கைப்பையில் இருந்த வெள்ளைத்தாளையும் வண்ணப் பென்சில்களையும் நீட்டி, "ஏதாவது வரையம்மா" என்றேன். தாளை வாங்கியவள் சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"டீச்சர், என்ன வரையணும்?"

நான் பதில் சொல்லுமுன் அவளே வரையத் தொடங்கினாள். இரண்டு மலைகள், நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் தென்னைமரம், ஓட்டு வீடு. உடன் வந்தவர்கள் "அழகு, அழகு!" என்றனர். எனக்கோ நெஞ்சில் முள் தைத்தது. அந்த மலையும் சூரியனும் அவளுடையவை அல்ல. வகுப்பில் நான் வெண்பலகையில் வரைந்து காட்டி, "இப்படியே வரையுங்கள்" என்று சொன்னவை. வலியோடு படுத்திருக்கும் பிள்ளை, தன் மனத்திலிருப்பதை வரைய வழி தெரியாமல் ஆசிரியையின் மலையை வரைகிறாள் என்றால், அது யார் குற்றம்?

நண்பர்களே, மனச்சான்றோடு விடை கூறுங்கள். கால அட்டவணையில் கலைக்கல்வி என்று ஒரு பாடவேளை இருக்கிறதே, அது யாருடையது? கணித ஆசிரியர் கடன் கேட்பார்; அறிவியல் ஆசிரியர் கடன் கேட்பார். வாங்கிய கடனைத் திருப்பித் தந்தவர் எவரேனும் உண்டா? முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. கடன் வாங்கும் பழக்கம் மட்டும் அகலவில்லை. மிஞ்சிய நேரத்திலும் என்ன செய்கிறோம்? அச்சிட்ட படத்தைக் கொடுத்துக் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொல்கிறோம். கோடு தாண்டாத பிள்ளைக்குப் பரிசும் தருகிறோம்.

'ஓவியம் என்ன சோறு போடுமா?' என்போர்க்கு மூன்று செய்திகள்.

ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938இல் காசநோய் கண்டு மருத்துவமனையில் கிடந்தார். படுக்கையிலிருந்தே வரைந்தார், மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 'ஓவியச் சிகிச்சை' என்னும் சொல்லை 1942இல் உருவாக்கியவர் அவரே.

கேரளத்தின் கொச்சியில் 1976இல் பிறந்தவன் எட்மண்ட் தாமஸ் கிளின்ட். சிறுநீரக நோயால் 1983இல், ஏழு வயது நிறையுமுன்னரே மறைந்தான். அதற்குள் அவன் வரைந்தவை ஏறத்தாழ 25,000 ஓவியங்கள் என்பர்.

மூன்றாவது, மருத்துவர்களின் சான்று. அமெரிக்கச் சிறார் மருத்துவ இதழான 'பீடியாட்ரிக்ஸ்' 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தலைவலியோடு வந்த 226 சிறார்களிடம் தங்கள் வலியை வரையச் சொன்னார்கள். அப்படங்களை மட்டுமே கொண்டு, அது ஒற்றைத் தலைவலியா அன்றா எனப் பெரும்பாலும் சரியாகவே பிரித்தறிய முடிந்தது. சொல்லத் தெரியாததைப் பிள்ளையின் கை சொல்லிவிடுகிறது. அந்தக் கையைத்தான் நாம் கட்டிப்போட்டிருக்கிறோம்.

மீண்டும் அந்த மாணவியிடம் வருகிறேன். அடுத்த முறை நான் தனியே சென்றேன். பயிற்சி நூல் இல்லை; புதிய வண்ணப் பென்சில்களும் வெள்ளைத்தாள்களும் மட்டுமே. "நீ எதை வரைந்தாலும் சரி, டீச்சர் திருத்தமாட்டேன்" என்றேன். அவள் நம்பவில்லை. மூன்றாம் முறை சென்றபோதுதான் நம்பினாள்.

அன்று அவள் வரைந்தது, மருந்துப்பை தொங்கும் கம்பியை. அதற்குக் கண், மூக்கு, காலில் சக்கரம். "இவங்க என் காவலாளி, டீச்சர். ராத்திரி தூங்கவே மாட்டாங்க. நான் கழிவறைக்குப் போனாலும் கூடவே வருவாங்க" என்றாள். காவலாளியின் கையைப் பிடித்தபடி மொட்டைத் தலையோடு ஒரு சிறுமி. தரையெங்கும் முதலைகள். சிறுமி சிரித்தபடி முதலைகளின் முதுகில் கால்வைத்து நடக்கிறாள்.

அப்போது பார்க்க வந்திருந்த உறவினர் ஒருவர், "ஐயோ, ஏன் கண்ணு முடி இல்லாம வரஞ்சிருக்க? முடி வரஞ்சிடு, அழகா இருக்கும்" என்றார். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "முடி வரஞ்சா அது நான் இல்லையே, அத்தை."

துணிவு என்பது இதுதான். அழாமல் இருப்பதையே துணிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தன் மொட்டைத் தலையைத் தானே வரைந்து, அதைச் சிரிக்கவும் வைத்தாளே, அந்தத் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

அவள் குணமடைந்து பள்ளிக்குத் திரும்பினாள். இன்று இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். குணப்படுத்தியது மருந்து, ஓவியம் அன்று. ஆனால், அந்த நீண்ட இரவுகளில் அவளுக்குத் துணையாக ஒரு காவலாளியைப் படைத்துத் தந்தது அவளது கற்பனையே.

மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்காக 2011இலேயே நம் நாட்டில் மருத்துவமனைப் பள்ளித் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றும் ஆசிரியர்களைத் தலைவணங்குகிறேன். ஆனால், வெற்றுத்தாளைக் கண்டு அஞ்சாத மனத்தை வகுப்பறையிலேயே நாம் வளர்த்திருக்க வேண்டும்.

என் வேண்டுகோள் நான்கு:

1. கலைக்கல்விப் பாடவேளையைக் கடன் கேட்காதீர், கொடுக்கவும் செய்யாதீர்.

2. மருத்துவமனைக்குச் செல்லும்போது தாளும் வண்ணமும் கொண்டுசெல்லுங்கள். பொருள் புதியதாக இருக்கட்டும். நோயெதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகள் அவர்கள். முதலில் தாதியிடம் கேளுங்கள். பெற்றோர்களே, எழுதும் கையை விட்டு மறு கையில் ஊசிக்குழாய் பொருத்த இயலுமா என்றும் கேளுங்கள்.

3. 'இது என்ன?' என்று கேட்காதீர். 'இதைப் பற்றிச் சொல்' எனக் கேளுங்கள். கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் எனச் சோதிடம் பார்க்க வேண்டா. அது பயிற்சி பெற்றோரின் பணி.

4. பிள்ளையின் ஒப்புதலின்றி அந்த ஓவியத்தைப் படமெடுத்து முகநூலில் போடாதீர். அது நம் இரக்கத்தை விளம்பரப்படுத்தும் பதாகை அன்று.

நாளைக் காலை உங்கள் வகுப்பில் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் "டீச்சர், என்ன வரையணும்?" என்று கேட்கிறார்கள் என எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே நமக்குரிய மதிப்பெண்.

சிந்திப்போம்; திருந்துவோம்.