வாசலை மூடாதீர்கள்!

இளவேனில் என்றதும் குயிலும் தென்றலும்தான் ஞாபகம் வரும். நம் விருத்தாசலத்திலோ பங்குனி, சித்திரை என்றால் சூளை வாயில் நிற்கிற மாதிரி வெயில். ஆனாலும் வேம்பும் புங்கனும் சரக்கொன்றையும் பூப்பது அப்போதுதான். பூத்த புங்கன் அடியில் ஒரு நிமிஷம் சும்மா நின்று பாருங்கள், மரம் முழுக்க தேனீ இரைச்சல்.

நான் எழுத வந்தது வீட்டு வாசலைப் பற்றி.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். சூளை வேலைக்குப் போகிற அப்பாவுக்கு ஒரே ஆசை: "உன் மொத சம்பளத்துல வாசல் பூரா சிமெண்டு போட்டுடணும்." ஐப்பசி, கார்த்திகை சேற்றிலேயே காலம் தள்ளியவர். அவருக்கு மண்தரை என்றால் வறுமை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில்தான் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வேலியோர எருக்கும் நிற்கின்றன.

போன வருஷம் கறிவேப்பிலையில் குருவி எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் புழு! வளர்ந்ததும் பச்சையாகிவிட்டது. தொட்டால் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். "மருந்து அடிச்சுத் தொலைடா" என்றார் அம்மா. நான் அடிக்கவில்லை. கொஞ்ச நாளில் கூடு கட்டி, கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பட்டாம்பூச்சியாகப் பறந்தது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை வகைச் செடிகளில்தான் இது முட்டையிடும். எருக்கிலையைத் தின்று வளர்வது வேறு ஜாதி, ஆவாரை, கொன்றை இலையைத் தின்பது வேறு ஜாதி. பூ மட்டும் வைத்தால் போதாது, இலையையும் கொஞ்சம் தின்ன விடவேண்டும்!

நாமோ நர்சரியில் குரோட்டன்ஸும் அடுக்குச் செம்பருத்தியும் வாங்குகிறோம். அடுக்குப் பூவில் மகரந்தக் காம்புகளே பெரும்பாலும் இதழாகிவிடுகின்றன. பூச்சிக்கு என்ன மிஞ்சும்? ஒற்றைச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு காலையிலேயே வந்துவிடுகிறது.

"பூச்சி வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். முந்திரிப் பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்று அதைக் கொண்டுபோகாது, தேனீ, எறும்பு போன்ற பூச்சிகள்தான் கொண்டுபோக வேண்டும். தை, மாசியில் முந்திரி பூக்கிறது. அது முடிந்தபின் அந்தத் தேனீக்கள் எங்கே போய்ச் சாப்பிடும்? எங்கள் ஆயா முந்திரிக்கொட்டை பொறுக்கிய காசில்தான் எனக்கு முதல் வருஷ பீஸ் கட்டினார்கள். எனக்குப் பூச்சி வந்தே ஆகவேண்டும்.

பழமலைநாதர் கோயில் தலமரம் வன்னி. முள்மரம்தான், ஆனாலும் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு இடமில்லை. ஓரமாக நாலு துளசி, ஒரு ஆவாரை போதும். தண்ணீர் வைக்க நம்மிடம் இல்லாத கிண்ணமா! கிளேஸ் போட்டது வேண்டாம், வழுக்கித் தேனீ விழுந்து சாகும். பிஸ்க் சுட்டதோடு கழித்த கிண்ணத்தில் நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் கொசுதான் வளரும்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே கயிறு பிடித்து அளந்து, நடைக்கு மட்டும் சிமெண்டு, செடிப் பக்கம் நாலடி மண் என்று குச்சி நட்டிருக்கிறார். எருக்கு மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அதற்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.