ரேஸ் காருக்கு ஏனுங் ரிட்டயர்மெண்ட்?



நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க காரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா மணி அடிச்சாலும் நிறுத்த மாட்டாங்க. "அந்தக் கார் இப்ப ரேஸ்ல வர்றதில்ல, தோத்துப் போயிருக்கும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லைங்க. பல ரேஸ் கார்கள் தோத்துப் போய்ப் போகவில்லை. வெளியே அனுப்பப்பட்டன. ஏன் அனுப்புகிறார்கள், அது நியாயமா என்பதுதான் என் கட்டுரை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ரேஸ் கதை?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேட்கவும்.

ரேஸுக்கும் நம்ம கோயமுத்தூருக்கும் நெருங்கின சொந்தம் உண்டு. மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் என்பவர் இங்கேயே ரேஸ் கார்களைக் கட்டினார். 1980களின் கடைசியில் அவர் உருவாக்கியதுதான் பார்முலா மாருதி. ஒரு ஆள் மட்டும் உட்காரும் கார். இன்ஜின் நம்ம ரோட்டில் ஓடிய மாருதி 800 காருடையது. 796 சி.சி., 3 சிலிண்டர். ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், செலவு கம்மி. அதனால் பெரும் பணக்காரர் இல்லாதவர்களும் ரேஸ் ஓட்டிப் பார்க்க முடிந்தது. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் போட்டியில் ஓட்டியதும் பார்முலா மாருதிதான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் அமைந்ததுதான்.

இன்றைக்குத் தேசியப் போட்டியில் பார்முலா மாருதி கிடையாது. ஏன்? பொதுவாக ரேஸ் கார்கள் காணாமல் போவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், விதி மாறுவது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காகப் பார்முலா 1 ஓட்டினார். இந்தியாவிலிருந்து முதல் ஆள் அவர்தான். அந்தக் காரில் 10 சிலிண்டர் இன்ஜின். 2006இல் எல்லாரும் 8 சிலிண்டருக்கு மாறணும் என்று விதி வந்துவிட்டது. ஒரே ஒரு அணிக்கு மட்டும், வேகத்தைக் குறைத்துக்கொண்டு பழைய இன்ஜினை ஓட்ட அனுமதி தந்தார்கள். ஒரு வயசுக் காரே பழைய கார் ஆகிப்போச்சு பாத்தீங்களா!

இரண்டாவது, உயிர் பயம். 1980களில் ராலி பந்தயத்தில் குரூப் பி என்று ஒரு வகை இருந்தது. பயங்கர வேகம். 1986இல் போர்ச்சுகல் ராலியில் வேடிக்கை பார்த்த ஜனங்கள் மேலேயே ஒரு கார் பாய்ந்தது. அதே வருஷம் பிரான்சின் கோர்சிகா தீவில் ஹென்றி டோய்வோனனும் அவர் கூட உட்கார்ந்து வழி சொன்ன செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்துபோனார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அந்த வகைக் கார்களே உலகப் போட்டியில் இல்லை. பார்முலா 1 காரில் டிரைவர் தலைக்கு மேலே ஒரு வளையம் இருக்கும், டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அது 2018இல் கட்டாயமாச்சு. அந்த வளையம் இல்லாத கார் எவ்வளவு வேகமானாலும் அந்தப் போட்டியில் ஓட முடியாது.

மூன்றாவது, கம்பெனி அந்தக் காரைச் செய்வதை நிறுத்துவது. கடையில் விற்கிற கார் ரேஸுக்கு வரணும் என்றால் முதலில் அங்கீகாரம் வாங்கணும். இதற்கு ஹோமோலொகேஷன் என்று பேர். உற்பத்தி நின்று 7 வருஷம் ஆனால் அங்கீகாரம் முடிந்துவிடும் என்பது உலக அமைப்பான எப்.ஐ.ஏ.வின் விதி. மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றது. அதே கணக்கைப் போட்டால் 2021ஓடு சரி. கார் நல்லா ஓடிட்டு இருந்தாலும் காகிதம் செத்துப்போகும்.

நான்காவது, விளம்பரம். ரேஸுக்குப் பணம் போடும் கம்பெனி, இன்றைக்கு ஷோரூமில் நிற்கிற கார் ஜெயிக்கணும் என்றுதான் நினைக்கும். விற்காத காருக்கு யார் பணம் போடுவார்கள்?

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். முதல் இரண்டு காரணங்களும் நியாயமானவை. உயிரைவிட எந்தக் காரும் பெரிசு இல்லை. போட்டியும் சமமா இருக்கணும். நம்ம பக்கம் ரேக்ளா பந்தயத்தில் சின்ன மாட்டையும் பெரிய மாட்டையும் ஒண்ணா விடுவதில்லை. சின்ன மாட்டுக்கு 200 மீட்டர், பெரிய மாட்டுக்கு 300 மீட்டர் என்று பிரித்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் வயசு வேற என்பதற்காக ஒரு மாட்டை 'நீ ஓடவே கூடாது' என்று யாரும் தொழுவத்தில் கட்டிப்போடுவதில்லை. தனியாக ஒரு பிரிவு வைக்கிறார்கள். காருக்கும் அப்படிச் செய்யலாமே?

இது என் கற்பனை இல்லைங்க. மொனாக்கோ நாட்டில் 1997 முதல் பழைய ரேஸ் கார்களுக்கென்றே போட்டி நடத்துகிறார்கள். அந்தந்தக் காலத்துக் கார் அந்தந்தக் காலத்துக் காரோடு மோதும். உலகம் பூரா இருந்து ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள்.

"ஸ்பேருக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் எங்க வீட்டிலேயே இருக்கிறது. எங்க அப்பா லேத் பட்டறையில் டர்னர். கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தால்தான் ஒரு பாகத்தைச் செய்யக் கட்டுப்படியாகும். எங்க அப்பாவோ தேய்ந்துபோன பழைய புஷ் ஒண்ணைக் கையில் வாங்கி, அளவெடுத்து, அதே மாதிரி ஒண்ணே ஒண்ணு கடைந்து தருவார். பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர் போன ஊரில் இந்த மாதிரிக் கைகள் எத்தனை இருக்கும்!

ஆனால் அந்தக் கைகளும் இப்போது குறைகின்றன. அப்பா வேலை செய்யும் பட்டறையில் சி.என்.சி. மெஷின் வந்தது. மூணு டர்னரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தர் இப்போது வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். அப்பாவை வைத்திருப்பது அந்த ஒத்தை ஒத்தை வேலைகளுக்காகத்தான். புது மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பாகம் ஒரே மாதிரி வேணும் என்றால் சி.என்.சி.தான் சரி. ஆனால் பழைய காரை ரேஸிலிருந்து எடுக்கும்போது காரோடு சேர்ந்து அதைக் கழட்டி மாட்டத் தெரிந்தவருக்கும் வேலை போகிறது. காரைப் போட்டோ எடுத்து மாட்டி வைக்கலாம். கைவேலையைப் போட்டோ எடுக்க முடியாது. இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் அது இருக்கும்.

அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் 2015இல் திறந்தார்கள். பழைய கார்களைப் பளபளவென்று அழகா வைத்திருக்கிறார்கள். மெத்தச் சந்தோஷம். ஆனால் ரேஸ் கார் ஓடினால்தான் ரேஸ் கார். அதனால் என் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று, செட்டிபாளையத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் பார்முலா மாருதி மாதிரிப் பழைய கார்களை ஓட்ட வேண்டும். ஜெயிப்பதற்காக இல்லாமல், பாதுகாப்பான வேகத்தில் ஓட்டினால் போதும்.

இரண்டு, அந்தக் கார்களைத் தயார் செய்யும் வேலையை ஐ.டி.ஐ. படிக்கும் மாணவ மாணவிகளுக்குக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க அனுபவமுள்ள டர்னர்களையும் மெக்கானிக்குகளையும் சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். செலவை ரேஸ் பார்க்க வருபவர்களின் டிக்கெட்டில் கொஞ்சம் எடுக்கலாம், மீதியை நம்ம ஊர்க் கம்பெனிகளிடம் கேட்கலாம்.

பத்தாவது முடித்ததும் நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்க ஆசைப்படுகிறேன். "அதுக்கெல்லாம் இப்ப மதிப்பு இல்ல கண்ணு" என்கிறார் அப்பா. மதிப்பு இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க. இந்தத் தாளுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்கள் கருத்தைப் பென்சிலால் எழுதவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி