தினமும் போஸ்ட் போட்டே ஆகணுமா? தென்காசி ஸ்டார்ட்அப்களுக்கு ‘அரட்டை’ காட்டிய கணக்கு

“தினமும் ஒரு போஸ்ட் போடுங்க, இல்லேன்னா அல்காரிதம் உங்களை மறந்துடும்.” புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு முதலில் கிடைக்கும் இலவச அறிவுரை இதுதான். வாசுதேவநல்லூரில் எலுமிச்சை ஊறுகாய் நிறுவனம் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் புளியங்குடி மார்க்கெட், மதியம் பேக்கிங், மாலையில் கூரியர். ரீல்ஸ் எடுக்க உட்காரும்போது ராத்திரி 10 மணி. முதல் வாரம் ஏழு போஸ்ட், அடுத்த வாரம் மூன்று, மூன்றாவது வாரம் ஒன்றுமே இல்லை. பேஜுக்குள் வரும் வாடிக்கையாளருக்கு ‘கடையை மூடிட்டாங்களோ’ என்ற சந்தேகம்தான் வரும்.

இதே மாவட்டத்தின் மத்தளம்பாறையில் இருந்து எக்ஸ் தளத்தில் தொடர்ந்து எழுதிவருபவர் ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. தொழில்நுட்பம், கிராமப் பொருளாதாரம், விவசாயம் என்று அவர் எழுதுவதில் பலவும் நேரடி விளம்பரம் அல்ல. சர்ச்சையில் முடிந்த பதிவுகளும் உண்டு. ஆனால் ஆள் அங்கே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். போஸ்ட்களை முன்கூட்டியே ஷெட்யூல் செய்யும் ‘ஸோஹோ சோஷியல்’ என்ற மென்பொருளையும் அந்த நிறுவனமே 2015 முதல் விற்கிறது.

அரட்டைக்கு என்ன ஆச்சு?

2021-ல் வந்த அரட்டை செயலி நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாகப் பேசப்படவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் சுதேசி செயலிகளை ஆதரித்துப் பதிவிட, மூன்றே நாளில் தினசரி புதிய பதிவுகள் 3,000-ல் இருந்து 3,50,000 ஆகிவிட்டதாக வேம்பு தெரிவித்தார். பெரிய வெளியீட்டை நவம்பருக்குத் திட்டமிட்டிருந்ததாகவும் அவரே சொன்னார். கூட்டம் முன்னாடியே வந்துவிட்டது. ஓடிபி தாமதம், சாட்டுக்கு முழு என்கிரிப்ஷன் இல்லை என்ற புகார்கள் எழுந்தன. டவுன்லோட் பட்டியலில் முதலிடம் வரை போன செயலி, சில வாரங்களில் கீழே இறங்கியது.

ஊறுகாய்க்காரருக்கும் இதே சிக்கல்தான். ஒரு ரீல் வைரலாகி 500 ஆர்டர் வந்து, கையில் 60 பாட்டில்தான் இருந்தால்? அதனால் போஸ்ட் அட்டவணையை உற்பத்திக் கணக்கோடு சேர்த்துத்தான் போட வேண்டும். நம் பார்வையில், ஒரு ஆள் நடத்தும் நிறுவனத்துக்கு வாரம் இரண்டு போஸ்ட் போதும். ஆறு மாதம் விடாமல் போட முடிகிற எண்ணிக்கை எதுவோ, அதுதான் சரியான எண்ணிக்கை.

என்ன போடுவது என்பதற்கு ஊர்க் காலண்டரே உதவும். கோடையில் எலுமிச்சை விலை ஏறும். ஏன் ஏறுகிறது என்று விளக்குவதே ஒரு நல்ல வீடியோ. ஆடியில் சங்கரன்கோவில் ஆடித்தபசு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். வெளியூர்க்காரர்கள் தென்காசியைத் தேடுகிற மாதங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்துக்கான படங்களை எடுத்துவிடலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் காசில்லாமல் ஷெட்யூல் செய்யலாம். யூடியூப் ஸ்டூடியோவிலும் அந்த வசதி இருக்கிறது.

ஷெட்யூல் செய்துவிட்டு மறக்கலாமா?

கூடாது. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது சிறுவன் உயிரிழந்தார். அன்று மாலை ஒரு விடுதியின் பேஜில், போன வாரமே ஷெட்யூல் செய்த ‘அருவியில் ஆட்டம் போட வாங்க’ என்ற போஸ்ட் தானாக வெளியாகியிருந்தால் எப்படி இருக்கும்? மென்பொருளுக்கு வெள்ளம் தெரியாது. மழைக்காலத்தில் தினமும் காலை, அன்றைக்கு என்ன போகப்போகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவது அவசியம்.

கமெண்ட்டுக்குப் பதில் சொல்வதையும் ஷெட்யூல் செய்ய முடியாது. ‘விலை என்ன?’ என்ற கேள்விக்கு மூன்று நாள் கழித்து ‘இன்பாக்ஸ் பாருங்க’ என்று பதில் போட்டால், அந்த ஆர்டர் வேறு கடைக்குப் போயிருக்கும்.