திறமைக்கு நிறமில்லையாம்!

போன மாதம் ஒரு கல்லூரியில் நாடக விழா. நம்ம பையன் ஒருத்தன் நடித்து முடித்திருந்தான். முகத்துச் சாயத்தைக்கூட இன்னும் கழுவவில்லை. வெளிநாடு போய் நடிப்புப் படிக்கணும், அங்கேயே மேடை ஏறணும் என்று ஆசையைச் சொன்னான். நாடகத்தை இயக்கிய பேராசிரியர் பக்கத்தில் இருந்தார். முற்போக்காளர்தான். பையனின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "போடா தம்பி. சாதியெல்லாம் இங்கதான். கலைக்கு நாடு கிடையாது, திறமைக்கு நிறம் கிடையாது. ஐரா ஆல்ட்ரிஜ்னு ஒரு கறுப்பன். பதினேழு வயசுல கப்பலேறிப் போயி, லண்டன்ல ஒத்தெல்லோவா நடிச்சு ஐரோப்பாவையே ஜெயிச்சான். நீயும் ஜெயிக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தப் பையனுக்கு மூன்று வருஷமாக அதே பேராசிரியர் கொடுத்த வேஷங்கள் எனக்குத் தெரியும்: காவல்காரன், குடிகாரன், பறையடிக்கிறவன். இங்கே ராஜா வேஷம் கொடுக்க மனசில்லாதவர் அங்கே போனால் ராஜாவாகலாம் என்று வழியனுப்புகிறார். இதற்குப் பெயர் வாழ்த்தா, தோழர்களே? மாலை போட்டு ஊரைவிட்டு அனுப்புகிற வேலை இது.

சரி, ஆல்ட்ரிஜ் பெயரை எடுத்துவிட்டார்கள். பேசுவோம். அவர்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே பேசுவோம்.

ஐரா ஆல்ட்ரிஜ் 1807இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா வைக்கோல் விற்றார், தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தார். மகன் கறுப்பர்களுக்கான இலவசப் பள்ளியில் படித்தான். நியூயார்க்கில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1827இல்தான். ஆக, இந்தப் பையன் நாடகப் பைத்தியம் பிடித்து அலைந்த நாளில் அதே தெருக்களில் அடிமைகளும் நடந்துகொண்டிருந்தார்கள். ஊரின் பெரிய நாடகக் கொட்டகை பார்க் தியேட்டர். கறுப்பர்களுக்கு அங்கே உச்சியில் தனிக் காலரி. பார்க்கலாம், மேடை ஏற முடியாது.

அப்போது வில்லியம் பிரௌன் என்று ஒருவர். கப்பலில் பணியாளராக வேலை பார்த்த கறுப்பர். 1821இல் கறுப்பர்களே நடிக்க, கறுப்பர்களே பார்க்க ஒரு அரங்கை ஆரம்பித்தார். முதல் வேலையாக எடுத்தது ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு. ஜேம்ஸ் ஹ்யூலெட் என்பவர் அந்த அரங்கின் பெரிய நடிகர். வேடிக்கை பார்க்க வெள்ளைக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். பிரௌன் என்ன செய்தார் தெரியுமா? கொட்டகையின் பின்பக்கம் ஒரு தடுப்புப் போட்டு, வெள்ளையர் அங்கேதான் உட்கார வேண்டும் என்றார். மரியாதையாக நடந்துகொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை என்று காரணமும் சொன்னார்! திருவிழா நாடகத்தில் நம்மை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதை மறக்காதவர்களுக்கு இந்தத் தடுப்பின் அருமை புரியும்.

விட்டார்களா? 1822 ஜனவரியில் பிரௌன் தன் நாடகத்தைப் பார்க் தியேட்டருக்குப் பக்கத்து விடுதியிலேயே கொண்டுவந்து போட்டார். போலீஸ் மேடை ஏறி, வேஷம் கட்டியிருந்த நடிகர்களை வேஷத்தோடேயே பிடித்துக்கொண்டு போனது. இனிமேல் ஷேக்ஸ்பியரை நடிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே விட்டார்கள். திருட்டில்லை, கொலையில்லை. கறுப்பன் ராஜா வேஷம் கட்டினான், அதுதான் குற்றம். அதே வருஷம் ஆகஸ்டில் ரவுடிக் கும்பல் புகுந்து கொட்டகையை அடித்து நொறுக்கி, நடிகர்களையும் அடித்தது. பிரௌன் அசரவில்லை. 1823இல் செயின்ட் வின்சென்ட் தீவுக் கலகத்தை வைத்து ஒரு நாடகம் எழுதிப் போட்டார். அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் எழுதியதாக நமக்குத் தெரிகிற முதல் நாடகம் அதுதான். பிரதி கிடைக்கவில்லை.

ஆல்ட்ரிஜ் கால் ஊன்றியது இந்த அரங்கில்தான். பேராசிரியர் கதையில் வில்லியம் பிரௌன் எங்கே? போலீஸ் எங்கே? தடுப்பு எங்கே? ஒரு பையன், ஒரு கப்பல், திறமை — அவ்வளவுதான் அவர் கதை. அடி வாங்கி அடி வாங்கி ஒரு சமூகம் கட்டிய மேடையை அழித்துவிட்டு, அதில் நின்ற பையனை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

1824இல், பதினேழு வயதில், ஆல்ட்ரிஜ் கப்பலேறினார். பயணியாக இல்லை, கப்பலில் பணியாளாக. லண்டன் அவருக்காகக் காத்திருந்ததா? காத்திருந்தது, கேலியோடு. அதே 1824இல் சார்லஸ் மாத்யூஸ் என்ற வெள்ளை நகைச்சுவை நடிகர் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து லண்டன் மேடையில் நிகழ்ச்சி நடத்தினார். அதில் ஒரு கறுப்பு நடிகன் ஹாம்லெட் வசனத்தைக் குளறுவதாகவும், கூட்டம் கேட்டதும் நிறுத்திவிட்டுத் தோட்டப்பாட்டு ஒன்றைப் பாடுவதாகவும் காட்டினார். சனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆள் வருவதற்கு முன்னே ஆளின் கேலிச்சித்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது! ஆல்ட்ரிஜ் மேடை ஏறினால் அந்தப் பாட்டைப் பாடு என்று கேட்டார்கள். பாடவும் செய்தார், தன் நிகழ்ச்சியில் ஒரு அங்கமாகவே அதைச் சேர்த்துக்கொண்டார். வயிறு இருக்கிறதே!

1825இல் லண்டன் கிழக்குப் பகுதியின் சின்ன அரங்கு ஒன்றில் ஒத்தெல்லோவாக நின்றார். அக்டோபரில் கோபர்க் தியேட்டரில் ஒரூனோக்கோ வேஷம். அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க இளவரசனின் வேஷம். 'டைம்ஸ்' பத்திரிகை விமர்சனம் எழுதியது: இவருடைய உதடுகள் அமைந்திருக்கிற விதத்தில் ஆங்கிலத்தை உச்சரிக்கவே முடியாதாம். நடிப்பில் குறை காணவில்லை ஐயா, உதட்டில் கண்டார்கள்! நம் பிள்ளைகள் வாய் திறந்ததும் 'உச்சரிப்பு சரியில்லையே, எந்தப் பக்கம்?' என்று கேட்கிற அறிவாளிகளுக்கு லண்டனிலும் சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேடையில் இளவரசன் வேஷம் போட்டது போதாது என்று, மேடைக்கு வெளியேயும் போட வேண்டி வந்தது. நியூயார்க்கில் வைக்கோல் விற்றவரின் மகன், விளம்பரங்களில் செனகல் நாட்டு அரச வம்சத்தின் பேரனாக ஆனார். 'ஆப்பிரிக்க ரோஸியஸ்' என்று பட்டம் வேறு. ரோஸியஸ் பழைய ரோமாபுரியின் பெரிய நடிகன். அவனும் அடிமையாகப் பிறந்தவன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆல்ட்ரிஜ் பொய் சொன்னார் என்று நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொய்தான் அவர் கட்டிய பயணக் கட்டணம். வைக்கோல்காரர் மகன் ஷேக்ஸ்பியர் நடிக்கிறான் என்றால் டிக்கெட் வாங்க ஆளில்லை, இளவரசன் நடிக்கிறான் என்றால் வாங்குகிறார்கள். ஒடுக்கப்பட்டவனுக்குத் திறமை மட்டும் இருந்தால் போதாது, வம்சமும் வேண்டும் என்று கேட்கிற சந்தை அது. நம்ம பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்வோம். 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று சுவரொட்டி ஒட்டுகிறோமே, அதுவும் இதே சந்தையில் கட்டுகிற கட்டணம்தான். ஆண்டவன் பேரன் என்றால்தான் மனுசன் என்று ஒத்துக்கொண்டால், ஆளப்பட்டவன் பேரனுக்கு என்ன பதில்? வைக்கோல் விற்றவரின் மகன் ஒத்தெல்லோவாக நின்றான் என்பதைவிட எந்த அரச வம்சம் பெரிது?

1833க்கு வருவோம். கவன்ட் கார்டன், லண்டனின் தலைமை அரங்குகளில் ஒன்று. புகழ்பெற்ற எட்மண்ட் கீன் மார்ச் மாதம் ஒத்தெல்லோ நடித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் சுருண்டார். அந்த இடத்துக்கு ஏப்ரலில் ஆல்ட்ரிஜ் வந்தார். பத்திரிகைகள் குதித்தன. எலன் ட்ரீ என்ற வெள்ளை நடிகையை ஒரு கறுப்பன் மேடையில் தொடுவதா என்று 'அத்தீனியம்' எழுதியது. கதையில் அவள் ஒத்தெல்லோவின் மனைவி! நாடகத்தில்கூடத் தொடக்கூடாது. தீட்டு என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லை என்று யார் சொன்னது? ஏப்ரல் 10, ஏப்ரல் 12, இரண்டே இரவுகள். அதோடு கவன்ட் கார்டன் கதவு மூடியது.

அது என்ன வருஷம் என்று பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது அதே 1833 ஆகஸ்டில்தான். ஏப்ரலில் ஊரெல்லாம் அந்தச் சண்டை. கறுப்பன் பேசுவான், யோசிப்பான், காதலிப்பான், அழுவான் என்று ஒருவன் மேடையில் நின்று காட்டினால் அடிமை வியாபாரிக்கு எரியாதா? நான் வங்கியில் கணக்கெழுதுகிறவன், கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் நட்ட ஈடாக ஒதுக்கியது 20 மில்லியன் பவுண்டு. யாருக்கு? அடிமைகளுக்கு ஒரு காசு கிடையாது. மொத்தமும் எஜமானர்களுக்கு! அதற்காக அரசாங்கம் வாங்கிய கடன் முழுசாக அடைந்தது 2015இல். அதுவரை வரி கட்டியவர்களில் அந்த அடிமைகளின் கொள்ளுப்பேரன் பேத்திகளும் உண்டு. தங்கள் பாட்டனை விலங்கு போட்டு வைத்தவனுக்கு இவர்கள் தவணை கட்டியிருக்கிறார்கள். எந்தப் பேரேட்டில் எழுதுவது இந்தக் கணக்கை?

தலைநகரம் தள்ளிவிட்டதும் ஆல்ட்ரிஜ் சுருண்டு படுத்துவிடவில்லை. இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட சின்னச் சின்ன ஊர்களாக இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து என்று சுற்றினார். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு ஷைலாக், லியர், மாக்பெத் எல்லாம் நடித்தார். ஒரு ஊரில் கடைசி இரவு நாடகம் முடிந்ததும் வேஷத்தை நிறுத்திவிட்டு முன்னே வந்து சனங்களோடு நேராகப் பேசுவார், அடிமைமுறையைப் பற்றி. 1828இல் கவன்ட்ரி ஊர் அரங்கை அவரே கொஞ்ச மாதம் நிர்வகித்தார். அப்போது அவர் பேச்சைக் கேட்ட ஊர்க்காரர்கள் அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள்.

1852இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். பிரஷ்ய மன்னர் தங்கப் பதக்கம் கொடுத்தார். 1858இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இவர் ஆங்கிலத்தில் பேச, கூட நடித்தவர்கள் ஜெர்மனில் பேசினார்கள். சனங்கள் அழுதார்கள். அங்கேதான் உக்ரேனியக் கவிஞன் தாராஸ் ஷெவ்சென்கோவைச் சந்தித்தார். ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவன். 1838இல் 2,500 ரூபிள் கொடுத்து அவனை மீட்டார்கள். பிறகு பத்து வருஷம் ஜாரின் நாடுகடத்தல். இவருக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு இவர் மொழி தெரியாது. ஆனாலும் நண்பர்களானார்கள். ஆல்ட்ரிஜை ஷெவ்சென்கோ வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. பதக்கம் கொடுத்த ராஜாவைவிட அந்தக் கவிஞன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறான்.

1867இல் போலந்தின் வூஜ் நகரில் ஆல்ட்ரிஜ் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். பதினேழு வயதில் விட்ட அமெரிக்க மேடையில் கடைசிவரை கால் வைக்கவில்லை. 'உலகத்தையே ஜெயித்தவன்' கதையில் இந்த வரி இருக்காது. உலகம் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

"அப்ப போகவே கூடாதுங்கிறியா?" என்று தோழர் ஒருவர் கேட்டார். யார் சொன்னது? கட்டாயம் போகணும். 1913இல் அம்பேத்கர் போனது ஆல்ட்ரிஜை வளரவிடாத அதே நியூயார்க்குக்குத்தான். அங்கே 1916இல் அவர் வாசித்த கட்டுரை எதைப் பற்றி? இந்தியாவின் சாதிகளைப் பற்றி. போன இடத்தில் சொந்த ஊரின் அழுக்கைப் பேசினார். இன்றைக்கு என்ன நிலைமை? தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தருகிற தேசிய உதவித்தொகையின் விதிகளை 2022இல் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய படிப்புக்கும் ஆய்வுக்கும் பணம் கிடையாது என்றார்கள். அந்த விதிப்படி அம்பேத்கரின் அந்தக் கட்டுரைக்கே பைசா கிடைத்திருக்காது! நியூயார்க் போலீஸ் 1822இல் வாங்கிய வாக்கும் இதுதானே? போ, வா, பிழைத்துக்கொள். எதைப் பேசணும் என்பதை நாங்கள் சொல்கிறோம்.

வங்கிக் கதையும் அதுதான். படிப்புக் கடன் கேட்டு நம்ம பிள்ளைகள் கவுண்டருக்கு வருகிறார்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணையம் கேட்கச் சொல்கிறது வழக்கம். நிலம் யாரிடம் இருக்கிறது? லண்டன் மேடைக்கான முதல் தேர்வு அந்தக் கவுண்டரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதில் நடிப்பைப் பார்ப்பதில்லை, பட்டாவைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொல்லவேண்டியது இரண்டு. போ தம்பி, ஆனால் உன்னை அனுப்பியது உன் திறமை மட்டும்தான் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. உனக்கு முன்னே கொட்டகை கட்டி அடி வாங்கியவன் ஒருத்தன் இருப்பான், அவன் பெயரைச் சொல். இரண்டாவது, நாடகம் முடிந்ததும் ஒரு நிமிஷம் வேஷத்தை நிறுத்திவிட்டு முன்னே வந்து பேசு. இளவரசன் என்று சொல்லாதே. எந்தச் சேரியிலிருந்து வந்தாய் என்று சொல்.

நமக்குச் சொல்லவேண்டியது ஒன்று. பிரௌன் கட்டியதைப்போல ஒரு மேடையை நாம் எத்தனை ஊரில் கட்டியிருக்கிறோம்? இயக்கக் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிறோம், பேச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். நம் பிள்ளைகள் ராஜாவாக, பைத்தியமாக, காதலனாக, கொலைகாரனாக நின்று பழகுகிற இடம் எங்கே? அந்த இடம் இல்லாமல் ஆல்ட்ரிஜ் வரமாட்டார். வந்தாலும் தனி ஆளாகக் கப்பலேறி எங்கோ மண்ணுக்குள் போய்விடுவார்.

பேராசிரியருக்குக் கேள்வி ஒன்றுதான். லண்டன் கிடக்கட்டும் ஐயா. அடுத்த வருஷ நாடகத்தில் உங்கள் ராஜா யார்?