சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதா?

காருக்கு அழகு சக்கரம். யாரும் மறுக்கவில்லை. அந்த அழகுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? இதுதான் கேள்வி.

வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை போனால் வழியெல்லாம் டயர் கடைகள். கடை வாசலில் அலாய் சக்கரங்கள் பளபளவென்று தொங்குகின்றன. கருப்பு, வெள்ளி, தங்கக் கலர் என்று ரகம் ரகமாக இருக்கின்றன. பார்த்தால் கண்ணைப் பறிக்கும். வாங்கத்தான் தோன்றும்.

கார்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்துகிறார். ஒரு ரிம்மைக் காட்டி, "இது என் வண்டிக்குச் சேருமா?" என்று கேட்கிறார்.

"அப்படியே சேராது சார். அடாப்டர் போட்டா சேர்ந்துடும்" என்கிறார் கடைக்காரர்.

இந்தச் "சேர்ந்துடும்" என்ற ஒரு வார்த்தையில்தான் வம்பே ஆரம்பிக்கிறது!

4 ஓட்டை எல்லாம் ஒன்றா?

மறைமலைநகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இருப்பது செங்கல்பட்டுக்காரர்களுக்குத் தெரியும். 2010-ல் வந்த ஃபிகோ, 2013-ல் வந்த எகோஸ்போர்ட் இரண்டும் அங்கே தயாரானவை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு கம்பெனி அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. கம்பெனி கார் செய்வதை நிறுத்தினாலும் கார்கள் நிற்கவில்லை. செகண்ட் ஹாண்டில் கைமாறிக் கைமாறி இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்த ஃபோர்டு கார்களின் சக்கரத்தில் 4 ஓட்டை. மாருதி ஸ்விஃப்ட் சக்கரத்திலும் 4 ஓட்டைதான். பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றில் உள்ளது மற்றதில் மாட்டாது!

காரணம் என்ன? 4 ஓட்டைகளின் மையத்தையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால் ஸ்விஃப்டில் அந்த வட்டத்தின் குறுக்களவு 100 மில்லி மீட்டர். ஃபோர்டில் 108 மில்லி மீட்டர். கடைக்காரர்கள் இதைப் "பி.சி.டி." என்பார்கள். வித்தியாசம் 8 மில்லிதான். சுண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் நட்டுக்கு அது போதும். உள்ளே போகாது.

பெரிய கார்களில் இது இன்னொரு மாதிரி. இன்னோவா, கிரெட்டா கார்களில் 5 ஓட்டை. அளவு 114.3 மில்லி.

கடைகளில் அதிகமாகக் கிடைக்கும் 4 ஓட்டை ரிம் 100 மில்லி அளவுதான். ஃபோர்டு வைத்திருப்பவருக்குப் பிடித்த டிசைன் அந்த அளவில் மட்டும் இருந்தால்? அங்கேதான் அடாப்டர் நுழைகிறது.

நடுவில் ஒரு தகடு

அடாப்டர் என்பது கனமான ஒரு வட்டத் தகடு. பெரும்பாலும் அலுமினியம். அதை முதலில் காரின் ஹப்பில் வைத்து நட்டு போட்டு முடுக்குவார்கள். அந்தத் தகட்டிலேயே வேறு அளவில் 4 போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். புதுச் சக்கரத்தை அதில் மாட்டுவார்கள்.

ஸ்பேசர் என்பது இதற்குத் தம்பி. ஓட்டை அளவு சரியாகவே இருக்கும். ஆனால் சக்கரம் உள்ளே எதிலாவது உரசும். அல்லது சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் "கெத்தா" இருக்கும் என்று ஆசை. அதற்காக நடுவில் சொருகும் தகடுதான் ஸ்பேசர்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். நடப்பது சின்ன விஷயம் அல்ல.

காரின் எடை போல்ட்டின் மேல் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நட்டை முடுக்கும்போது சக்கரம் ஹப்போடு அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிதான் 1 டன் காரைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் போல்ட் ஆட்டம் காணும். ஆட்டம் கண்ட போல்ட் ஒரு நாள் முறியும்.

போல்ட்டின் பருமன் 12 மில்லி என்றால் நட்டு குறைந்தது 12 மில்லி ஆழமாவது மரையில் பிடிக்கவேண்டும். ஃபோர்டு போல்ட்டில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லி. அதாவது 8 முழுச் சுற்று. 10 மில்லி ஸ்பேசரை நடுவில் சொருகினால் 6 சுற்றுக்கு மேல் அதிலேயே போய்விடும். மிச்சம் எத்தனை மரை பிடிக்கும்? 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டியை அந்த இரண்டு மூன்று மரையை நம்பியா விடுவது?

அடாப்டரில் வேறு சங்கடம். ஒரு பிடிக்குப் பதில் இரண்டு பிடி. வெளியே உள்ள நட்டைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளே தகட்டைப் பிடித்திருக்கும் நட்டு சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது தளர்ந்தால் யாருக்குத் தெரியும்?

தகடு மெல்லியதாக இருந்தால் ஹப் போல்ட்டின் நுனி வெளியே துருத்தும். "அதை அறுத்துடலாம் சார்" என்று சொல்லுகிற மெக்கானிக்கும் உண்டு. கம்பெனி கொடுத்த போல்ட்டை அறுத்துவிட்டு, பெயர் தெரியாத தகட்டை நம்புவது என்ன கணக்கோ!

பஞ்சர் ஆனால் தெரியும் சேதி

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. அது ஸ்டெப்னி.

அடாப்டர் போட்ட ஃபோர்டில் வெளியே இருப்பது 100 அளவு போல்ட். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி 108 அளவு. ராத்திரி 11 மணிக்கு வடநெம்மேலி பக்கம் பஞ்சர் ஆகிறது என்று வையுங்கள். பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை எடுத்தால் மாட்டாது! முதலில் அடாப்டரைக் கழற்ற வேண்டும். அதன் நட்டு குழிக்குள் இருக்கும். வண்டியோடு வந்த ஸ்பானர் அதற்குள் போகாது. அப்புறம் நடுரோட்டில் நின்று யாருக்காவது போன் போடவேண்டியதுதான்.

கடற்கரை ஓரத்துக்கு மட்டும் ஒரு தனித் தலைவலியும் இருக்கிறது. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரை உப்புக் காற்று. இரும்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அரிப்பு சீக்கிரம் வரும். தகடு ஹப்போடு பிடித்துக்கொள்ளும். மரை அரித்துப் போகும். மேலே பாலீஷ், உள்ளே துரு!

வெளியே போன சக்கரம்

20 மில்லி அடாப்டர் போட்டால் ஒவ்வொரு சக்கரமும் 20 மில்லி வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லி. கையை மடக்கி வாளியைத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? அதே கதைதான் வீல் பேரிங்குக்கும். பாரம் தள்ளிப் போகப் போக பேரிங் சீக்கிரம் தேயும். பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கையை உதறும். நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் டயர் மட்கார்டில் உரசும்.

நடு ஓட்டை விவகாரமும் உண்டு. ஃபோர்டு ஹப்பின் நடுப்பகுதி 63 மில்லிக்குக் கொஞ்சம் மேல். வெளிக்கடை ரிம்மின் நடு ஓட்டை பலவற்றில் 73 மில்லி. இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போடவேண்டும். போடாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராது. 80-ஐத் தாண்டியதும் வண்டி நடுங்கும். "அலைன்மெண்ட் பாருங்க" என்று கடை கடையாக அலைவார்கள். கோளாறு அலைன்மெண்டில் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அந்தத் தீர்ப்பைக் கொடுத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறித்துக் கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம்.

அதே ஆண்டு திருத்திய சட்டத்தின் 182-ஏ பிரிவு தண்டனையைச் சொல்கிறது. அனுமதி இல்லாமல் உதிரி பாகம் பொருத்தி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில். அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

கவனியுங்கள். தண்டனை சொந்தக்காரருக்கு! தகட்டை விற்றவர் பேர் அந்த வரியில் இல்லை.

ஜெர்மனியில் ஸ்பேசர் போட முழுத் தடை இல்லை. ஆனால் அந்தத் தகடு சோதனையில் தேறியதாகச் சான்று வேண்டும். வண்டியில் பொருத்தியதைப் பரிசோதகர் பார்த்து, தேவைப்பட்டால் வண்டிக் காகிதத்தில் ஏற்றவேண்டும். நம் ஊரில் கடைக்காரரின் "ஒண்ணும் ஆகாது சார்" என்பதே சான்று!

ஏமாறுவது யார்?

ஆசைப்பட்டுத் தகடு போட்டவர் இரண்டு வருஷத்தில் காரை விற்றுவிடுவார். வாங்குவது யார்? பைசா பைசாவாகச் சேர்த்து முதல் கார் வாங்கும் குமாஸ்தா. கடைக்குச் சரக்கு ஏற்ற வண்டி தேடும் வியாபாரி. "அலாய் வீல் போட்ட வண்டி சார்" என்று 10 ஆயிரம் கூடவும் வாங்கிவிடுவார்கள். உள்ளே தகடு இருப்பது வாங்கியவருக்குத் தெரியாது. உள்நட்டு தளர்வது அதைவிடத் தெரியாது.

காரில் இருப்பவருக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். டயரோடு சேர்ந்த ஒரு சக்கரம் சுமார் 15 கிலோ. ஓடும் காரிலிருந்து கழன்றால் அது காரின் வேகத்திலேயே ஓடும். அதற்கு பிரேக் கிடையாது. ஸ்டீயரிங் கிடையாது. கூடுவாஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கும், சிங்கப்பெருமாள் கோவிலில் ரோட்டைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதில் என்ன பங்கு? அவர்களா அலாய் வீல் கேட்டார்கள்?

வழி இருக்கிறது

அலாய் வீல் ஆசையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வழி இருக்கிறது.

100 அளவும் 108 அளவும் இரண்டுமே துளைத்த 8 ஓட்டை ரிம்கள் கடைகளிலேயே கிடைக்கின்றன. தகடு இல்லாமல் ஃபோர்டில் நேரே உட்காரும். டிசைன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் இருக்கட்டுமே! ரிம்மில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஓட்டை அளவு, நடு ஓட்டை, ரிம் எவ்வளவு உள்ளே வெளியே உட்காரும் என்ற ஆஃப்செட் - இந்த 3 அளவும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். நட்டும் அந்த ரிம்முக்கு உரிய நட்டாக இருக்கவேண்டும். கூம்பு நட்டு போடும் இடத்தில் உருண்டை நட்டு உட்காராது.

மாட்டிய பிறகு, கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்கவேண்டும். 100 கிலோ மீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கிப் பார்க்கவேண்டும். காலால் மிதித்து முடுக்குவது கணக்கு அல்ல.

செகண்ட் ஹாண்ட் கார் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லவேண்டும். 10 நிமிஷ வேலை. உள்ளே தகடு தெரிந்தால், "கழற்றிவிட்டு கம்பெனி ரிம் போட்டுக் கொடு" என்று கறாராகக் கேட்கவேண்டும். ஸ்டெப்னி மாட்டுகிறதா என்றும் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

அதிகாரிகளுக்கும் வேலை இருக்கிறது. ரிம் விற்கும் கடைக்காரர் எந்த வண்டிக்கு, எந்த அளவு ரிம், தகடு உண்டா இல்லையா என்று பில்லில் எழுதிக் கொடுக்கச் செய்யவேண்டும். பில் இருந்தால் பொறுப்பு வரும். எஃப்.சி.க்கு வரும் டாக்சிகளில் சக்கரம் வெளியே துருத்தி நின்றால் செங்கல்பட்டு போக்குவரத்து அலுவலகம் ஒரு சக்கரத்தையாவது கழற்றிப் பார்க்கலாம். லைசென்சும் ஹெல்மெட்டும் பார்க்கும் கண்ணுக்கு இது மட்டும் தெரியாமல் போகவேண்டாம்.

மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் ஒரு பக்கம் பி.எம்.டபிள்யூ. கார் தயாராகிறது. இன்னொரு பக்கம் மகேந்திரா கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. படித்த என்ஜினீயர்கள் மில்லி மில்லியாக அளந்து சக்கரத்தின் இடத்தை முடிவு செய்யும் மாவட்டம் இது. அதே மாவட்டத்து ரோட்டோரத்தில் அந்தக் கணக்கை ஒரு தகடு போட்டு அழிப்பது வெட்கக்கேடு.

சேராத சக்கரத்தைச் சேர்த்து வைக்க வேண்டாம். சேருகிற சக்கரத்தை வாங்குங்கள். தகட்டுக் காசும் மிச்சம், உயிரும் மிச்சம்!