சாத்தானுக்கும் வசனம் தெரியும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கையில் இருக்கும். ஊரில் மட்டுமில்லை, இங்கே புனேயில் நம் தமிழ்ச் சபைகளிலும் அப்படித்தான். ஆசீர்வாதம், உயர்வு, பாதுகாப்பு என்று ஏதாவது ஒன்று வரும். லஞ்சம் வாங்காதே என்று யாருக்காவது அட்டை வந்து நான் பார்த்ததில்லை!

அட்டை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. ஆனால் சோதனை நேரத்தில் எந்த வசனம் கைகொடுக்கும் என்பது வேறு கணக்கு.

மத்தேயு 4-ஐ எடுத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் இயேசுவுக்கு மூன்று சோதனை. மூன்றுக்கும் அவர் பதில் சொன்னது உபாகமத்திலிருந்து. முதல் பதில் 8-ஆம் அதிகாரம், மற்ற இரண்டும் 6-ஆம் அதிகாரம். சாத்தானும் சும்மா வரவில்லை, வசனத்தோடுதான் வந்தான். அவன் எடுத்தது சங்கீதம் 91. நம் சபைகளில் அதிகம் மனப்பாடம் செய்யப்படும் சங்கீதம், சுத்தமான வாக்குத்தத்தம்! அதிலும் தேவதூதர்கள் காப்பார்கள் என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டான். அடுத்த வசனம் சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைப் பற்றியது. அவனுக்கு அது எதற்கு?

எங்கள் வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. சர்க்குலரில் ஒரு பத்தியை மட்டும் நகல் எடுத்துக் காட்டினால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். முழு சர்க்குலரையும் கொண்டு வா என்பார். இயேசு செய்ததும் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றும். அவர் எடுத்துச் சொன்னவை தனித்தனி வரிகள் போலத் தெரியும். ஆனால் அந்தப் பகுதி முழுக்க இஸ்ரவேலரின் நாற்பது வருஷ வனாந்தரத்தைப் பற்றியது. பசி வந்தபோது மன்னா, மாசாவில் தண்ணீர் இல்லாதபோது கர்த்தர் நம்மோடு இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி. அந்த முழுக் கதையும் தெரிந்தவர் நாற்பது நாள் பசியோடு நிற்கிறார். அவருக்கு வசனத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

நம்மில் பலர் வசனத்தை வேப்பிலை மாதிரி வைத்திருக்கிறோம். பயம் வந்தால் எடுத்து அடிப்பது. அப்படி அடித்தால் ஓடிவிடுகிற சோதனை எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. காரணம், சோதனை பாவம் மாதிரியே வருவதில்லை. கல்லை அப்பமாக்கச் சொன்னபோது அவருக்குப் பசி உண்மை.

மார்ச் 31 நெருங்கும்போது வங்கிகளில் என்ன நடக்கும் என்று எங்கள் ஜாதிக்குத் தெரியும். 2004-லிருந்து 90 நாள் கணக்கு. அதற்குமேல் தவணை நின்றால் வாராக்கடன். வாடிக்கையாளர் நல்ல மனிதர், பெண்ணுக்குக் கல்யாணம் வேறு. புதுக் கடன் ஒன்று போட்டு பழைய பாக்கியைக் கட்டிவிட்டால் கிளைக்கு நல்ல பெயர், அவருக்கும் நிம்மதி, யாருக்கும் நஷ்டமில்லை (இன்றைக்கு!). இதில் பொய் சொல்லாதே என்ற வசனத்தை எங்கே பொருத்துவது? ஒரு கையெழுத்துதானே? உபாகமம் 25-ல் பையில் இரண்டு விதப் படிக்கல் வைத்திருக்கக் கூடாது என்று வருகிறது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு புத்தகம், உண்மைக்கு ஒரு புத்தகம் என்று அதைப் படித்தவனுக்குத்தான் பேனா கொஞ்சம் தயங்கும்.

தீபாவளிக்கு டிரை ஃப்ரூட் பெட்டிக்குள் தங்கக் காசு வைத்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு விசுவாசி நீதிமொழிகள் 18:16-ஐச் சொன்னார், வெகுமதி வழியைத் திறக்குமாம். ஒரு அதிகாரம் முன்னால், 17:23-ல், நியாயத்தைப் புரட்ட ஒளித்துக் கொடுப்பதை வாங்குகிறவனுக்கு என்ன பெயர் என்று இருக்கிறது. படித்துப் பாருங்கள் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நம் பிள்ளைகளைப் பற்றித்தான் என் கவலை. சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் சொல்லி பென்சில் டப்பா பரிசு வாங்குகிறார்கள். வெளிமாநிலத்தில் வளர்கிற பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து ஒப்பிக்கிறார்கள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களுக்கு சோதனை தமிழிலா வரப்போகிறது? ஹாஸ்டலில் இந்தியில் வரும், ஆபீஸில் ஆங்கிலத்தில் வரும்.

தமிழை விடச் சொல்லவில்லை. பாட்டும் ஜெபமும் தமிழிலேயே இருக்கட்டும். ஆனால் உபாகமம் 6, 7, 8 மூன்றையும் பிள்ளைக்குப் புரிகிற மொழியில், ஒரே மூச்சில் சேர்ந்து படித்துப் பாருங்கள். மொத்தம் 71 வசனம், அரை மணி நேரம் போதும். பிள்ளைகளுக்கு வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் சொல்லிக்கொடு என்று பெற்றோரிடம் சொல்வதும் அந்த 6-ஆம் அதிகாரம்தான். இயேசுவும் இதை நாசரேத்தில், சின்ன வயதில், வீட்டில்தான் கேட்டிருப்பார். 7-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகள் கஷ்டமான கேள்வி கேட்பார்கள், அழிக்கச் சொன்னது ஏன் என்று. எங்கள் வீட்டில் கேட்டாயிற்று. இரண்டு ஞாயிறு பேசியும் முடியவில்லை.